உப்புப் பார்க்காத நாற்பது நாள்

சந்தனசாமி அண்ணனை யாராவது சமையல்காரர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. குக் என்று சொல்ல வேண்டும். பட்லர் என்றாலோ அன்றைக்குப் பேச்சே இருக்காது. பட்லர் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவன், குக் அந்தத் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவன், இதுகூடத் தெரியாமல் நீங்கள் என்ன வாத்தியார் என்று என்னையே ஒருமுறை கேட்டிருக்கிறார். என் பெயர் பழனிச்சாமி. அவர் மனைவி அமலராணி டீச்சர் தலைமையாசிரியையாக இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாவது வாத்தியார். மொத்தமே இரண்டு பேர்தான் என்பதால் அந்தப் பதவியைப் பற்றி நான் அதிகம் பெருமைப்பட்டதில்லை.

புதுக்கோட்டையில் வெள்ளைக்கார விருந்தாளிகள் வந்து தங்கும் ஒரு பங்களாவில் அண்ணன் பதினாறு வருஷம் சமைத்தார். அங்கே அவர் பெயர் வாங்கியது ஸ்டேக்கில். கேட்கத்தான் பெரிதாக இருக்கிறது. விரல் கனத்துக்கு அறுத்த மாட்டிறைச்சித் துண்டைத் தட்டி, உப்பும் மிளகும் தடவி, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் இரண்டு பக்கமும் புரட்டி எடுப்பது. இவ்வளவுதானா என்று நான் கேட்டபோது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கறிய எவன் வேணாலும் சுட்டுருவான் தம்பி. பக்கத்துல என்ன வைக்கிறான்கிறதுலதான் குக்கு தெரிவான். கறி தனியா வரக்கூடாது. ரெண்டு துணை வேணும். ஒண்ணு பச்சையா இருக்கணும், கடிச்சா நறுக்குன்னு இருக்கணும். இன்னொண்ணு வெள்ளையா, மெத்துன்னு இருக்கணும்."

பச்சைக்கு பீன்ஸ், வெள்ளைக்கு உருளைக்கிழங்கு மசியல். பங்களாவில் அதுதான் சட்டம்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. துரைமார் வரவு நின்றது. அண்ணன் வேலையும் நின்றது. அந்த இரும்புக் கல்லை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, வல்லத்திராக்கோட்டைக்கு இரண்டு மைல் தள்ளி இருந்த எங்கள் ஊருக்கு, டீச்சர் வேலை பார்த்த இடத்துக்கே, வந்து சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. டீச்சர் பள்ளிக்கூடம் போவார், அண்ணன் வீட்டில் சமைப்பார். ஆம்பிளை உலை வைக்கிறானே என்று ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. மாதா கோயில் திருவிழாவுக்கு அவர் ஒருமுறை பிரியாணி போட்ட பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஆனால் ஸ்டேக்கை எங்கள் ஊரில் யார் கேட்கப் போகிறார்கள்? பத்து வருஷம் அந்தக் கல் பரணிலேயே கிடந்தது.

அதைக் கீழே இறக்கியது டீச்சரின் கால்.

ஐம்பத்தெட்டு பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். டீச்சருக்கு இடது கால் பெருவிரலில் கருவேல முள் குத்தியது. முள்ளை எடுத்தாயிற்று, புண் ஆறவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டார், வேப்பெண்ணெய் தடவினார், விரல் கறுத்துக்கொண்டே வந்தது. புதுக்கோட்டைக்கு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் டீச்சரின் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு விட்டுச் சூடு காட்டினார். நீலம் செங்கல் நிறமாக மாறிற்று. சர்க்கரை வியாதி.

"அரிசிய நிறுத்துங்க. கறி, முட்டை, மோர், காய், கீரை, இதுதான் சாப்பாடு. ஏப்ரல் மாசம் வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள சர்க்கரை எறங்கிப் புண்ணு ஆறலைன்னா விரலை எடுக்கணும். விரலோட நிக்குமான்னு நான் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு குழாயும் ஒரு பாட்டில் நீல மருந்தும் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தினம் மூன்று மைல் நடந்து வீடு வீடாகப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர் அவர். அண்ணன் முகத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வந்தது. மனுஷன் ஏதோ யோசனையில் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். இறங்கும்போதுதான் தெரிந்தது, பரணிலிருந்து கல்லை இறக்கித் துரு நீக்க எவ்வளவு புளி வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

மறுநாளிலிருந்து பங்களாச் சாப்பாடு தொடங்கியது. மதியம் பள்ளிக்கூடத்துக்கு டிபன் கேரியரில் வரும். அடித்தட்டில் ஸ்டேக், மேலே இரண்டு தட்டிலும் துணைகள். நான் மாட்டிறைச்சி தின்கிறவன் இல்லை. துணைகளில் எனக்கும் பங்கு உண்டு. கொத்தவரங்காயை அரை வேக்காட்டில் எடுத்து நெய்யில் புரட்டி மிளகு தட்டியிருப்பார். வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு மசியல் வாயில் வைத்ததும் கரையும். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. குழாய் மட்டும் அதே செங்கல் நிறத்தைக் காட்டியது. அரிசி ஒரு பருக்கை உள்ளே போகவில்லை, பின்னே எப்படி என்று அண்ணன் தலையைப் பிய்த்துக்கொண்டார். நீல மருந்தே கெட்டுப்போயிருக்கிறது என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனார்.

"பக்கத்துல என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டாராம் டாக்டர்.

"காய்தான் சார். பீன்ஸு கெடைக்கல, கொத்தவரங்கா. அப்பறம் உருளைக்கெழங்கு."

டாக்டர் மேஜையில் பேனாவை வைத்துவிட்டு, உருளைக்கிழங்கும் அரிசியும் உடம்புக்குள் போனால் ஒன்றுதான் என்று விளக்கியிருக்கிறார். அண்ணனுக்கு அது பெரிய அடி. பதினாறு வருஷச் சட்டம். திரும்பி வந்து பள்ளிக்கூட வாசலில் சைக்கிளைச் சாத்தியவர், "ஏழு நாளு என் கையாலயே அவளுக்கு வெசம் குடுத்திருக்கேன் தம்பி" என்றார். கண் கலங்கியிருந்தது. உருளைக்கிழங்கை விஷம் என்று சொல்கிற மனிதரிடம் சிரிக்கவும் முடியாது, சிரிக்காமல் இருக்கவும் முடியாது. நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

வெள்ளைத் துணைக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. சுரைக்காயை வேகவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்து, வெண்ணெயும் மிளகும் போட்டு மசித்தார். உருளைக்கிழங்கு இல்லை என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். இன்னொரு நாள் வெண்பூசணி, இன்னொரு நாள் முள்ளங்கி. காலையில் முட்டையும் மோரும், சாயந்திரம் முருங்கைக்கீரையில் ஒரு தண்ணிச்சாறு. எதைப் புதிதாகச் சேர்த்தாலும் மறுநாள் குழாயை அடுப்பில் காட்டிப் பார்ப்பார். சிவப்பு மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று. குழம்பின் நிறம் பார்த்தே பதம் சொல்கிறவருக்கு இதுவும் கைவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சாம்பல் புதன் வந்தது.

கிறிஸ்தவர்களுக்கு அன்றிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாள் தபசு காலம். ஒருசந்தி என்று ஒருவேளைச் சாப்பாட்டோடு இருப்பார்கள். இறைச்சி தொடமாட்டார்கள். சட்டப்படி எல்லா நாளும் அப்படி இல்லையாம். ஆனால் ஆவூர்ப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் நாற்பது நாளும் கறிச்சட்டியைக் கவிழ்த்துவிடுவது வழக்கம். டீச்சர் அந்தக் குடும்பம். அதோடு வெள்ளிக்கிழமைதோறும் ஆண்டவர் சிலுவை சுமந்ததைப் பாடும் சிலுவைப்பாதையில் பாட்டை எடுத்துக்கொடுப்பவரும் அவர்தான். செவ்வாய்க்கிழமை சாயந்திரமே கணவரிடம் சொல்லிவிட்டார். "நாளையிலேருந்து எனக்குக் கறி வேணாங்க. கஞ்சி வச்சிருங்க."

கஞ்சி என்றால் அரிசி. அண்ணன் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயில் பங்குச் சாமியாரிடம் போய், அவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"நோயாளிக்குச் சட்டம் கெடையாதும்மா. நான் உத்தரவு குடுக்கிறேன். மருந்துன்னு நெனச்சுச் சாப்பிடு" என்றார் சாமியார்.

"மருந்து இவ்வளவு ருசியா இருந்தா அது மருந்தா, சாமி?" என்று கேட்டார் டீச்சர். "ஊரே கஞ்சி குடிக்கையில நான் நெய்யில பொரட்டுன கறியத் தின்னுட்டு வந்து, ஆண்டவர் பாடுபட்டத எந்த வாயால பாடுவேன்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. விரல் போகப்போகிறது, இவர் பாட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று. அண்ணன் சாமியார் பக்கம் திரும்பினார்.

"சாமி, அவ ஒருசந்திய நான் எடுத்துக்கிறேன். நாப்பது நாளும். அவ எனக்குப் பதிலாக் கறி திங்கட்டும்."

டீச்சரே சிரித்துவிட்டார். அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அண்ணன் ஒருசந்தி இருந்ததே கிடையாது. காலையில் நினைப்பார், பத்து மணிக்கு அடுப்பில் இருப்பதை உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு கரண்டி எடுப்பார், அத்தோடு சரி. சாமியார், கணக்கை இப்படி ஒருத்தர் தலையிலிருந்து இன்னொருத்தர் தலைக்கு மாற்ற முடியாது, ஆனால் இருக்கிறேன் என்கிறவனைத் தடுக்கவும் முடியாது என்றார். டீச்சர் கணவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நாக்குல ஒண்ணும் படக்கூடாது. உப்புப் பாக்குறதுகூடக் கூடாது. முடியுமா?" என்று கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினார்.

அவர் முடித்துக் காட்டினார். மதியம் ஒருவேளை, உப்பில்லாத கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள், அதையும் அவர் கேட்கவில்லை. தொப்பை கரைந்து வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டு அலைந்தார். ஊரில் தபசு காலத்தில் கறிக்கடை கிடையாது. புதனும் சனியும் சைக்கிளில் டவுனுக்குப் போய், ஓலைப் பட்டையில் கட்டிய கறியை ஊர் பார்க்கத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். ஐஸ் பெட்டி ஏது? மூன்று நாள் தாங்க வேண்டும் என்று கல்லுப்பும் புளித்த காடியும் தடவி மண்சட்டியில் அடைத்து வைப்பார். பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி அக்கா வாசனை பிடித்துவிட்டு, "தபசு காலத்துல குக்கு வீட்டுல கல்யாணமா?" என்று கேட்டார். கறி தின்பது டீச்சர், கஞ்சி குடிப்பது அண்ணன் என்று தெரிந்த பிறகு அந்த அக்காதான் கொல்லையிலிருந்து வாரத்துக்கு ஒரு சுரைக்காய் அறுத்துக் கொடுத்தார்.

துணைகளுக்கு உப்புப் பார்க்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. மதியம் கேரியரை என் முன்னால் திறந்து வைத்து, சட்டைப் பையில் உப்பு டப்பாவோடு நிற்பார். "பாருங்க தம்பி." நான் கொத்தவரங்காயில் ஒன்று எடுத்துக் கடித்து, கொஞ்சம் வேணும் என்றால் ஒரு சிட்டிகை தூவுவார். சுரைக்காய் மசியலிலும் அப்படியே. அடித்தட்டை மட்டும் யாரும் உப்புப் பார்க்கவில்லை. எனக்கு அது ஆகாது, ஊரில் மற்றவர்களுக்குத் தபசு. டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார்.

"கறி எப்படி?" என்று அண்ணன் தினமும் கேட்பார்.

"நல்லாருக்குங்க."

"உப்பு?"

"சரியா இருக்கு."

அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி வரும். நாக்கு இல்லாமலே சமைக்கிறேன் பார்த்தீர்களா என்று என் பக்கம் ஒரு பார்வை வேறு. பெருமையைத் தாங்க முடியாது.

ஐந்தாம் வாரம் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். டீச்சர் சாப்பிட்டு முடித்ததும் பள்ளிக்கூடத்துப் பானைக்குப் போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். மூன்றாம் வகுப்புக் கணக்கு முடிவதற்குள் இன்னும் இரண்டு சொம்பு. தாகம் அதிகமானால் சர்க்கரை ஏறுகிறது என்று அர்த்தம் என டாக்டர் ஆரம்பத்திலேயே எச்சரித்திருந்தார். இரண்டு நாள் பார்த்தேன், பயமாகிவிட்டது. மூன்றாம் நாள் கேட்டுக்கு வெளியே அண்ணனை நிறுத்திச் சொன்னேன்.

அன்று சாயந்திரமே அண்ணன் குழாயை அடுப்பில் காட்டினார். நீலம். நம்பாமல் மறுநாள் காலையில் பார்த்தார், மதியம் பார்த்தார். நீலம்தான். சர்க்கரை இல்லை, தாகம் மட்டும் இருக்கிறது. தெரிந்த துணையையெல்லாம் சந்தேகப்பட்டார். சுரைக்காயை நிறுத்தினார், வெண்ணெயை நிறுத்தினார், பாவம், ஒருநாள் வெறும் கீரையையே இரண்டு துணையாகவும் வைத்தார். ஒன்றும் சரிப்படவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரம் தொடங்கியதும் டாக்டரிடம் கூட்டிப் போனோம்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் பார்த்தேன். கறுப்பு போய், விரல் நுனியில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் மூடியிருந்தது.

"வெரலுக்கு ஆபத்து இல்லை. சாப்பாட்ட இப்படியே வச்சுக்குங்க" என்றார் டாக்டர். தாகத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "வெயில் காலம்ல" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் அண்ணன் டீச்சரின் செருப்பு வாரைத் தானே குனிந்து சரி செய்துவிட்டு, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அந்த டாக்டர் காலில் விழுந்திருந்தாலும் தப்பில்லை என்று தோன்றியது.

ஈஸ்டர் ஞாயிறு மதியம் எனக்கும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அண்ணன் மூன்று தட்டு வைத்தார். எனக்குத் தனியாக நாட்டுக்கோழி. அவர்கள் இரண்டு பேருக்கும் ஸ்டேக், கொத்தவரங்காய், வெள்ளையாகச் சுரைக்காய் மசியல். நாற்பது நாளுக்கும் மேலாகக் காத்திருந்த மனிதர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டு, கறியில் ஒரு துண்டு அறுத்து வாயில் வைத்தார். மெல்லுவது நின்றது.

முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எழுந்து முற்றத்துக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். தண்ணீரைக் கடகடவென்று குடித்தார். பிறகு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டியில் ஊறிய உப்பு கறிக்குள் ஏற்கெனவே போயிருக்கிறது. சமைக்கும்போது பங்களாப் பழக்கத்தில் மறுபடியும் உப்புத் தடவியிருக்கிறார். நாக்கில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

டீச்சர் தன் தட்டிலிருந்த கறியை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ராணி, இது... இதே மாதிரியா இத்தனை நாளும்?"

"ஆமாங்க."

"உப்பு சரியா இருக்குன்னியே."

டீச்சர் சொம்பை எடுத்தார். பானையடியில் அவர் குடித்த தண்ணீரெல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்களை எப்படிப் பயமுறுத்திவிட்டார் என்று நினைத்தால் ஆத்திரமாக வந்தது. அண்ணனுக்கு ஆத்திரமில்லை, அவமானம். குக் வைத்த கறியை அவர் பெண்டாட்டி நாற்பது நாள் தண்ணீரை ஊற்றி ஊற்றி விழுங்கியிருக்கிறாள். இதைவிடக் கேவலம் அவருக்கு என்ன வேண்டும்?

"சொல்லியிருந்தா ஒரு நிமிசத்துல சரி பண்ணியிருப்பேனே. ஏன் சொல்லல?"

"சரி பண்ணிருவீங்கன்னுதான் சொல்லல" என்றார் டீச்சர். "மொத நாளு வாயில வச்சதும் கரிச்சுது. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சுங்க. இது மருந்துதான், விருந்தில்லைன்னு ஆயிருச்சுல்ல. நீங்க எனக்காகப் பட்டினி கெடந்தீங்க. எனக்குன்னு இருந்தது இந்த உப்பு ஒண்ணுதான். கறி நல்லாருந்திருந்தா நான் சாப்பிட்டிருக்கவே மாட்டேன்."

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் அவர் சமையலுக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே விசித்திரமானது அதுதான். துரைமார் கை குலுக்கிப் பாராட்டியதெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது, அடிக்கடி சொல்வார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது அண்ணன், டீச்சர் தட்டிலிருந்த மீதிக் கறியைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, அத்தனையையும் தின்று முடித்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதன்பிறகு டீச்சர் அரிசிப் பக்கம் போகவேயில்லை. இரும்புக் கல்லும் பரணுக்குத் திரும்பவில்லை. வருஷம் முழுக்க அளவான உப்போடு, பதமாக, இரண்டு துணையோடு ஸ்டேக் வந்தது. ஊரில் இன்னும் இரண்டு பேருக்குச் சர்க்கரை வந்தபோது அவர்கள் வீட்டுப் பெண்களும் சுரைக்காய் மசிக்கப் பழகிக்கொண்டார்கள்.

மறுவருஷம் சாம்பல் புதன் அன்று மதியம் கேரியரைத் திறந்து வைத்தார் அண்ணன். துணைகளை நான் உப்புப் பார்த்தேன். அடித்தட்டை டீச்சர் பக்கம் நகர்த்தும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. டீச்சர் ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார், பிறகு பானையைப் பார்த்து எழுந்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்தாறில் டீச்சர் ரிட்டயர் ஆகும் வரை ஒவ்வொரு தபசு காலத்திலும் இது நடந்தது. அண்ணன் தன் கையால் தெரிந்தே கெடுத்த சமையல் அது ஒன்றுதான், அதிலும் அளவு ஒருநாளும் தவறியதில்லை.